பாய்மரக் கப்பலும் மின்சாரக் கட்டணமும்



கணக்கு வழக்கு என்று தொடங்கினாலே பலருக்குக் கொட்டாவி வந்துவிடும் என்பதை நான் அறிவேன். ஆனாலும் வானொலியில் நான் பேசிய இந்த விடயத்தை எழுத்திலே தரும்படி சிலர் கேட்டிருக்கிறார்கள். வானொலியில் இருபது நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இந்த உரைக்குக் காரணமாக இருந்தவர் எமது நேயரான ஒரு தாயார். அவரது மகள் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறார். மகளின் பேராசிரியருக்கு வெளியிலிருந்து பெரிய ஆய்வு மானியம் கிடைத்திருக்கிறது. அதில் ஐம்பத்தைந்து வீதத்தைப் பல்கலைக்கழகம் 'மேலதிகச் செலவு' என்று எடுத்துக்கொள்கிறதாம். "பிள்ளையள் நித்திரை முழிச்சு எடுக்கிற காசில அரைவாசிக்கு மேல இவையள் எடுத்தால், அது களவு இல்லையோ தம்பி?" என்று கேட்டார். பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவில், அதுவும் இந்த ஆய்வுப் பணங்களின் கணக்கைப் பார்க்கும் மேசையில் பல வருடங்களாக இருப்பவனிடம் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்!

களவு இல்லை என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் அந்தச் சந்தேகம் புதியதல்ல. அமெரிக்காவில் அதற்கு எண்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. உலகிலே பல்கலைக்கழக ஆய்வுக்குப் பெருந்தொகையை வெளியிலிருந்து கொட்டிய முதல் அரசு அமெரிக்க அரசுதான். இன்று மற்ற நாடுகளில் என்னைப் போன்றவர்கள் நிரப்புகின்ற படிவங்களில் பாதி அங்கே பிறந்தவை. ஆகவே கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சொல்லை விளங்கிக்கொள்வோம். ஊரிலே வணிகத்துறையில் படித்தவர்களுக்கு 'மேந்தலைச் செலவு' என்ற சொல் ஞாபகம் இருக்கும். கிரயக் கணக்கீட்டுப் பாடத்தில் எல்லோரையும் வாட்டிய சொல் அது. ஒரு கொத்துரொட்டிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மா, முட்டை, இறைச்சி, கொத்துகிறவரின் சம்பளம் எல்லாம் நேரடிச் செலவு. கடை வாடகை, மின்சாரம், காப்புறுதி, காசுப்பெட்டியில் இருப்பவரின் சம்பளம் எல்லாம் மேந்தலைச் செலவு. ஒருவர் வந்து, "கலியாண வீட்டுக்கு நூறு பார்சல் வேணும், மாவுக்கும் முட்டைக்கும் மட்டும்தான் காசு தருவன்" என்றால் முதலாளி என்ன செய்வார்? ஒரு தரம் செய்து கொடுப்பார். எல்லா வாடிக்கையாளரும் அப்படியே கேட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். ஆய்வு மாணவரின் கொடுப்பனவு, இரசாயனப் பொருட்கள், பயணம் என்பன நேரடிச் செலவு. ஆய்வுகூடம் இருக்கும் கட்டடம், நச்சுக்காற்றை வெளியேற்றும் கருவிக்கு இரவு பகலாக ஓடும் மின்சாரம், நூலகம், கழிவை அகற்றும் வண்டி, மனிதரில் பரிசோதனை செய்வதற்கு அனுமதி கொடுக்கும் குழு, எங்களைப் போன்ற கணக்குப்பிள்ளைகள் எல்லாம் மேந்தலையில் வருகிறோம். எந்த ஆய்வுக்கு எவ்வளவு மின்சாரம் என்று தனித்தனியே மானி பூட்ட முடியாது. எனவே ஒரு வீதத்தைக் கணக்கிட்டு எல்லா மானியங்களின் மேலும் ஏற்றுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விவசாய ஆராய்ச்சி தவிர்ந்த ஏனைய துறைகளில் அரசுப் பணம் மிகக் குறைவு. சொந்தப் பணத்திலும் றொக்பெல்லர், கார்ணகி போன்ற செல்வந்த அறக்கட்டளைகளின் உதவியிலும்தான் ஆய்வுகள் நடந்தன. 1940 ஜூன் மாதம் வன்னேவர் புஷ் என்ற மின்பொறியியலாளர் ஜனாதிபதி றூஸ்வெல்ற்றைச் சந்தித்தார். எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் உபதலைவராக இருந்து, அப்போது வாஷிங்டனில் கார்ணகி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் இவர். விஞ்ஞானிகளைப் போருக்குப் பயன்படுத்துவது பற்றி ஒரேயொரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோன திட்டத்துக்கு றூஸ்வெல்ற் சில நிமிடங்களிலேயே சம்மதக் கையெழுத்து வைத்தார். அடுத்த வருடம் அது விஞ்ஞான ஆய்வு, அபிவிருத்திப் பணியகமாக விரிந்தது.

புஷ் எடுத்த முக்கிய முடிவு, என் பார்வையில், ஒரு கணக்காளரின் முடிவு. விஞ்ஞானிகளுக்கு இராணுவச் சீருடை போட்டு அரசு முகாம்களில் அடைக்காமல், அவரவர் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கவிட்டு அந்தப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் எழுதினார். இதனால் பல்கலைக்கழகம் இலாபமும் பெறக்கூடாது, நட்டமும் படக்கூடாது என்பதுதான் ஒப்பந்தத்தின் அடிப்படை. மேந்தலைச் செலவுக்குப் பல்கலைக்கழகங்களுக்குச் சம்பளத் தொகையின் 50 சதவீதமும், தொழில் நிறுவனங்களுக்கு 100 சதவீதமும் என்று ஒரு பரும்படியான அளவை வைத்துக்கொண்டார்கள். போர்க்காலத்தில் நுணுக்கமாகக் கணக்குப் பார்க்க யாருக்கு நேரம்? எம்.ஐ.ரி. மட்டும் ஏறத்தாழ 117 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தங்களைப் பெற்றது. ராடார் கருவிகளை வளர்த்தெடுத்த புகழ்பெற்ற கதிர்வீச்சு ஆய்வுகூடம் அங்கேதான் இருந்தது. எதிரியை ஏமாற்ற வைத்த பெயர் அது. கதிர்வீச்சுக்கும் அங்கு நடந்த வேலைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

போர் முடிந்ததும் பணம் நின்றுவிடும் என்று பலர் நினைத்தார்கள். நிற்கவில்லை. 1945இல் புஷ் தன் புகழ்பெற்ற அறிக்கையைக் கொடுத்தார். 1946இல் கடற்படை ஆய்வுப் பணியகமும் 1950இல் தேசிய விஞ்ஞான மன்றமும் பிறந்தன. கடற்படைக்காரர் 1947இல், பல்கலைக்கழகங்களின் உண்மையான செலவு என்ன என்று கணக்கிடும் விதிகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டார்கள். 'நீலப் புத்தகம்' என்று அதற்குப் பெயர். 1958இல் வரவு செலவுத் திட்டப் பணியகம் அதை எல்லாத் திணைக்களங்களுக்கும் பொதுவாக்கி 'ஏ-21' என்ற சுற்றுநிருபமாக வெளியிட்டது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் பல தசாப்தங்களாக வேதம்.

ஆனால் மருத்துவ ஆய்வுக்குப் பணம் கொடுத்த தேசிய சுகாதார நிறுவகங்கள் வேறு வழியில் போயின. நாங்கள் கொடுப்பது உதவி, கொள்வனவு அல்ல, ஆகவே முழு மேந்தலைச் செலவையும் தரத் தேவையில்லை என்பது அவர்கள் நியாயம். 1950இல் 8 சதவீதம் என்று ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். பிறகு அது 15 ஆகி, 20 ஆகி, 1966இல் நீக்கப்பட்டது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் உண்மையான செலவைக் காட்டிப் பேரம்பேசி வீதத்தைத் தீர்மானிக்கும் முறை அதன் பின்னர்தான் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இந்த வீதம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. இதுதான் என் சோறு. பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவுகளையெல்லாம் தொட்டி தொட்டியாகப் பிரிக்க வேண்டும். கட்டடப் பெறுமானத் தேய்வு ஒரு தொட்டி, மின்சாரமும் துப்புரவும் ஒரு தொட்டி, நூலகம் ஒரு தொட்டி, நிர்வாகம் ஒரு தொட்டி. ஒவ்வொன்றிலும் ஆய்வுக்கு எத்தனை பங்கு, படிப்பித்தலுக்கு எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். அதற்காக அறை அறையாகச் சதுர அடி அளக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வகுப்பும் மற்ற நாட்களில் ஆய்வும் நடக்கும் அறையை எப்படிப் பிரிப்பது? அதற்கும் விதி உண்டு. இப்படி வந்த ஆய்வுப் பங்கை நேரடிச் செலவால் வகுத்தால் வீதம் கிடைக்கும். வகுக்கும்போது பெரிய கருவிகள், மாணவர் கல்விக் கட்டணம், வேறு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்த தொகையின் பெரும்பகுதி என்பவற்றைக் கழித்துவிட வேண்டும்.

இதிலேதான் பலர் தடுமாறுகிறார்கள். 55 சதவீதம் என்றால் மானியத்தில் பாதிக்கு மேல் போகிறது என்று அர்த்தமில்லை. நேரடிச் செலவு 100 டொலர் என்றால் அதற்கு மேலே 55 டொலர் சேர்த்து மொத்தம் 155. பல்கலைக்கழகத்துக்குப் போவது அந்த 155இல் 55, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கருவிகளைக் கழித்தால் அதைவிடவும் குறையும். தேசிய சுகாதார நிறுவகங்களின் வழமையான மானியங்களில் பேராசிரியர் கேட்ட நேரடித் தொகைக்கு மேலதிகமாகத்தான் இது வருகிறது. அவருடைய பங்கிலிருந்து வெட்டுவதில்லை.

சதுர அடியையாவது அளக்கலாம். பேராசிரியரின் நேரத்தை எப்படி அளப்பது? 1979இல் ஏ-21 திருத்தப்பட்டபோது, பேராசிரியர்கள் தம் உழைப்பு முழுவதையும், நூற்றுக்கு நூறும், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று எழுதினார்கள். கணிதப் பேராசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சோண்டர்ஸ் மக்லேன் என்ற பெரும் கணித அறிஞர் இதற்கு எதிராக விஞ்ஞான சஞ்சிகையில் எழுதினார். குளிக்கும்போது ஒரு தேற்றத்துக்கு விடை தோன்றினால் அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பின்னர் விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள். படிவம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் அதில் கையெழுத்து வாங்க நான் பேராசிரியர்களின் பின்னால் திரிகிறேன். கணித அறிஞர்களின் பக்கம்தான் என் மனம். ஆனால் கையெழுத்து எனக்கு வேண்டும்!

இனிக் கப்பல் கதைக்கு வருவோம்.

கலிபோர்னியாவில் உள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 1990 அளவில் 74 சதவீத வீதத்தில் அரசிடம் மேந்தலைச் செலவை அறவிட்டுக்கொண்டிருந்தது. நாட்டிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அங்கே கடற்படை ஆய்வுப் பணியகத்தின் பிரதிநிதியாக 1988இல் வந்தவர் போல் பிடில். கணக்குகளைக் கிளறத் தொடங்கிய அவர், பல்கலைக்கழகத்துக்கும் கடற்படைப் பணியகத்துக்கும் இடையே நூற்றுக்கு மேற்பட்ட புரிந்துணர்வு உடன்படிக்கைகள் இருப்பதைக் கண்டார். (இந்தச் சொல்லைக் கேட்டதும் எம்மவர்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும், இது வேறு.) இந்தச் செலவை இப்படிப் பிரிப்போம், அந்தச் செலவை அளக்காமல் ஏற்போம் என்று காலாகாலமாக எழுதிக்கொண்டவை அவை. பத்து வருடத்தில் ஏறத்தாழ 200 மில்லியன் டொலர் கூடுதலாக அறவிடப்பட்டது என்பது பிடிலின் குற்றச்சாட்டு.

மிச்சிகன் மாநிலத்தின் ஜோன் டிங்கெல் தலைமையிலான காங்கிரஸ் உபகுழு இதைக் கையில் எடுத்தது. 1991 மார்ச் 13இல் ஸ்ரான்போர்ட் தலைவர் டொனால்ட் கென்னடி குழுவின் முன் அமர்ந்தார். உயிரியல் பேராசிரியர், முன்பு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர், எல்லோராலும் மதிக்கப்பட்டவர். அவர் முன்னே வாசிக்கப்பட்ட பட்டியலில் 72 அடி நீளமான 'விக்ரோரியா' என்ற பாய்மரக் கப்பலின் பெறுமானத் தேய்வு, ஏறத்தாழ 184,000 டொலர், இருந்தது. தலைவரின் இல்லத்துக்கு மாதம் 2,000 டொலருக்குப் பூக்கள், தேவதாருப் பலகை பதித்த உடுப்பு அலுமாரி, கென்னடியின் மறுமணத்தையொட்டி நடந்த வரவேற்புக்கு 17,500 டொலர், 1,200 டொலர் பெறுமதியான ஒரு பழங்கால 'கொமோட்'. கடைசியாகச் சொன்னது இழுப்பறைகள் கொண்ட மேசை. ஆனால் அந்தச் சொல்லுக்கு மலசலகூடம் என்றும் பொருள் இருப்பதனால் நாடெல்லாம் சிரித்தது.

கப்பல் வந்தது எப்படி? பாய்மரப் படகோட்டும் விளையாட்டுப் பிரிவுக்கு ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த கப்பல் அது. கணக்குப் பிரிவில் அதைத் தவறான தொட்டியில் போட்டுவிட்டார்கள். தொட்டியில் விழுந்ததன் ஒரு பங்கு தானாகவே அரசின் தலையில் ஏறியது. கப்பல் ஒரு பிழை. பூக்களும் அலுமாரியும் அப்படியல்ல. தலைவரின் இல்லம் உத்தியோகபூர்வ விருந்துகள் நடக்கும் இடம் என்பதால் அதன் செலவும் பொது நிர்வாகத் தொட்டியில் சேரலாம் என்று அன்றைய விதிகளை வாசித்துவிட்டுத்தான் போட்டார்கள்.

இங்கேதான் என் தொழிலின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு செலவைக் கண்டதும் விதி இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்ப்பது எங்கள் தொழில் வியாதி. புற்றுநோய்க்கு மருந்து தேடத் தன் வரிப்பணம் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பஸ் சாரதியிடம் இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டலாமா என்ற கேள்வியை அந்தக் கட்டடத்தில் பல வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. டிங்கெல் அதைத் தொலைக்காட்சிக் கமராக்களின் முன் கேட்டார்.

விளைவு விரைவாக வந்தது. கடற்படைப் பணியகம் உடன்படிக்கைகளை இரத்துச் செய்து வீதத்தை 55.5ஆகக் குறைத்தது. ஸ்ரான்போர்ட்டில் செலவுக் குறைப்பும் ஆட்குறைப்பும் நடந்தன. எம்.ஐ.ரி., கல்ரெக், ஹார்வாட் மருத்துவப் பள்ளி என்பனவும் தம் கணக்குகளை மீளப் பார்த்துச் சில தொகைகளை விலக்கிக்கொண்டன. ஜூலை மாதம் கென்னடி பதவி விலகுவதாக அறிவித்து 1992இல் விலகினார்.

ஆனால் முடிவு எத்தனை பேருக்குத் தெரியும்? 1994 ஒக்ரோபரில் பிணக்குத் தீர்க்கப்பட்டது. 1981 முதல் 1992 வரையான கணக்குகள் எல்லாவற்றுக்குமாக ஸ்ரான்போர்ட் கட்டியது 1.2 மில்லியன் டொலர் மட்டுமே. மோசடியோ, பொய்க்கணக்கோ இருந்ததாகத் தம்மிடம் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்று அரசு ஒப்புக்கொண்டது. பிடில் தனிப்பட்ட முறையில் தொடர்ந்த வழக்கும் வெற்றி பெறவில்லை. பூக்களை முதற்பக்கத்தில் போட்ட பத்திரிகைகள் இதை உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் போட்டன. கென்னடி பின்னர் 2000 முதல் 2008 வரை 'சயன்ஸ்' சஞ்சிகையின் பிரதம ஆசிரியராக இருந்து, 2020இல் கொரோனாத் தொற்றினால் காலமானார். அவரைப் பற்றிய இரங்கற் குறிப்புகளிலும் அந்தக் கப்பல் கூடவே வந்தது.

1991 ஒக்ரோபரில் ஏ-21 திருத்தப்பட்டது. மதுபானம், கேளிக்கை, அதிகாரிகளின் வீட்டுச் செலவு என்பன இனி ஏற்கப்படமாட்டா என்று பட்டியலிட்டார்கள். நிர்வாகத் தொட்டிக்கு 26 சதவீதம் என்ற உச்சவரம்பும் வைத்தார்கள். 2014இல் ஏ-21 வேறு சுற்றுநிருபங்களோடு சேர்த்து ஒரே விதிக்கோவையாக்கப்பட்டபோதும் அந்த 26 போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1991க்குப் பிறகுதான் ஆய்வு நிர்வாக விதிகள் பெருகின. மனிதர் மீதான ஆய்வு, மிருகங்கள், நலன் முரண்பாடு, ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், படிவம் வேண்டும். செலவு ஏறுகிறது, வரம்பு அசையவில்லை. மிச்சத்தைப் பல்கலைக்கழகம் தன் பையிலிருந்து போடுகிறது. பை என்றால் மாணவர் கட்டணமும் நன்கொடையும்தான்.

விதி கடுமையானதால் எல்லாம் சீரானது என்றும் சொல்வதற்கில்லை. 2008 டிசெம்பரில் யேல் பல்கலைக்கழகம் 7.6 மில்லியன் டொலர் கட்டி அரசோடு ஒரு பிணக்கைத் தீர்த்தது. மானியக் காலம் முடியும் தறுவாயில் மிஞ்சிய பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல், வேறு வேலையின் செலவுகளை அதன் மேல் மாற்றி எழுதினார்கள் என்பதும், கோடை காலத்தில் வேறு அலுவல் பார்த்த நேரத்துக்கும் முழுச் சம்பளத்தை மானியத்தில் ஏற்றினார்கள் என்பதும் குற்றச்சாட்டுகள். கப்பல் போலச் சிரிக்க முடியாததால் இது யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் எங்கள் மேசையில் நித்தம் பார்க்கும் ஆபத்து இதுதான். பணம் மிஞ்சினால் அடுத்த முறை குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கடைசி மாதத்தில் கணினிகளாக வாங்கிக் குவிப்பார்கள். ஆய்வு மாணவர்களாக இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கொடுப்பனவு எந்த மானியத்தில் எழுதப்படுகிறது, அது எப்போது முடிகிறது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எம்மவர் பக்கமும் ஒரு பார்வை. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை அடித்தபின் எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பணம் சேர்த்தது நினைவிருக்கும். 'நிர்வாகச் செலவுக்கு ஒரு சதமும் எடுக்கவில்லை' என்று துண்டுப்பிரசுரத்தில் போடுவதில் எங்களுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை எனக்கும் விளங்குகிறது; அகதியாக வந்து இரண்டு வேலை செய்து கொடுத்த காசு அது. ஆனால் மண்டப வாடகையும் தொலைபேசிக் கட்டணமும் கொள்கலன் கூலியும் வானத்திலிருந்து வரவில்லை. யாரோ ஒரு செயலாளரின் வீட்டுச் செலவிலிருந்து வந்தது. கணக்காய்வுக்குக் காசு ஒதுக்கினால் அது நிர்வாகச் செலவாகிவிடும் என்று பயந்து, கணக்கே எழுதாத சங்கங்களும் உண்டு. பிறகு 'காசு எங்கே?' என்று கேள்வி வந்தபோது, ஒரு சதமும் தொடாத மனிதர்களாலும் பதில் சொல்ல முடியவில்லை. பற்றுச்சீட்டு இருக்கவில்லை.

இனி அண்மைக் காலம். 2025 பெப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. தேசிய சுகாதார நிறுவகங்கள் ஒரு அறிவித்தலை வெளியிட்டன: திங்கட்கிழமை முதல் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் 15 சதவீதம்தான், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மானியங்களுக்கும் அதுதான். இதனால் வருடம் 4 பில்லியன் டொலருக்கு மேல் மிச்சம் என்றார்கள். ஹார்வாட் 69 சதவீதம் வாங்குகிறது என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டார்கள். 69 என்றால் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதை மேலே பார்த்தோம், அதைப் போடவில்லை. 2017இல் 10 சதவீத யோசனை வந்தபோது காங்கிரஸ் அதை ஏற்காமல், இந்த முறையை மாற்றக்கூடாது என்று நிதிச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தது. 22 மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் வழக்குப் போட்டன. பொஸ்ரன் சமஷ்டி நீதிமன்றம் முதலில் தற்காலிகமாகவும் 2025 ஏப்ரலில் நிரந்தரமாகவும் தடை விதித்தது. அரசு மேன்முறையீடு செய்தது.

தடை இருந்தும் பயம் போகவில்லை. பல பல்கலைக்கழகங்கள் புதிய நியமனங்களை நிறுத்தின. மசச்சூசெற்ஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி, கலாநிதிப் படிப்புக்கு ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளை அந்த வசந்த காலத்தில் மீளப்பெற்றது. வீதம் குறைந்தால் முதலில் நிற்பது பூக்கள் அல்ல. அவை 1991லேயே நின்றுவிட்டன. நின்றது பிள்ளைகளின் இடம்.

அதே வருடம் பல்கலைக்கழகச் சங்கங்கள் ஒன்றுகூடி மாற்று யோசனை ஒன்றை முன்வைத்தன. ஒரே வீதமாக ஏற்றாமல், ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்துக்கும் எந்த வசதிக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கூடியவரை தனித்தனியாக எழுதிக் காட்டலாம் என்பது அதன் சாரம். பொதுமக்களுக்கு விளங்கும் முறை, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அப்படி வரி வரியாக எழுத இன்னும் பல கணக்குப்பிள்ளைகள் வேண்டும். அவர்களின் சம்பளத்தை எந்தத் தொட்டியில் போடுவது என்று இப்போதே பேச்சு நடக்கிறது.